சூடு ஆறுவதற்குள்

...அரை மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், ஆறிப்போனால் கிருமி அசையாது, அசையாவிட்டால் கண்ணில் படாது என்று லேப்காரம்மா படித்துப் படித்துச் சொன்னாள், இப்போது அவளே டீ குடிக்கப் போய்விட்டாள், நல்ல கூத்து, மகளின் பெயர் ஒட்டிய மல டப்பா அவன் உள்ளங்கையில் வெதுவெதுவென்று இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு ரத்தமும் சளியுமாகப் போகிறதே... நாலு மாதம் முன்னால் அவனுக்கும் இதே கதைதான், நாளைக்குப் பதினைந்து தடவை ஓட்டம், அடிவயிற்றில் முறுக்கு, அமீபா என்றார் டாக்டர், இரண்டு மாத்திரை எழுதினார், ஒன்று நோயை அடக்க, அது முடிந்ததும் மற்றொன்று, குடலில் பதுங்கியிருப்பதை ஒழிக்க. முதலாவதைத் தின்ற வாரம் முழுக்க வாயில் ஆணியைச் சப்பிய ருசி, உப்புக் காரம் தெரியாமல் கேன்டீன் சமையல்காரன் என்னத்தைச் சமைப்பது? வயிற்றுப்போக்கும் நின்றது, இரண்டாவது மாத்திரை அட்டையைப் பிரிக்கவே இல்லை. அதான் சரியாப் போச்சே என்று மனைவியிடம் மார்தட்டியது யார், இவன்தானே, மகளுக்குத் தினமும் ஊட்டிவிட்டதும் இதே கைதானே...

கண்டுபிடித்தால் கேள்வி வரும், வீட்டில் யாருக்கு இருந்தது என்று, அது கேன்டீன் வரை போகும், முந்நூறு பேர் சாப்பிடுகிற இடம், அடுப்புப் பக்கமே அண்டவிட மாட்டார்கள். சிமெண்ட் பெஞ்சு ஜில்லென்றிருக்கிறது, டப்பாவை வைத்தால் போதும், தானாக ஆறிவிடும், ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுப்பார்கள்... வைத்தான். ஒன்றுமில்லை என்றால் மருந்தும் இல்லையே, மடையா! எடுத்தான். வேலை போனால் அடுப்பு எரியுமா? மறுபடி வைத்தான், சே, நீயெல்லாம் ஒரு அப்பனா, வெடுக்கென்று எடுத்துச் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டான்.

லேப்காரம்மா வந்தாள், வாங்கினாள், மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். "நல்லா ஓடுது," என்றாள், ஏதோ வண்டியைப் பற்றிச் சொல்வது போல. "இதுக்கு முன்னாடி வீட்ல யாருக்காச்சும் வந்துச்சா?"

"எனக்குத்தான்மா. ரெண்டாவது மாத்திரைய நான் சாப்பிடல."

அப்பாடா, சொல்லியாகிவிட்டது, பிள்ளைக்கு மருந்து கிடைத்துவிடும், போனால் வேலைதானே போகும்... அவள் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "எங்க வேலை பாக்கறீங்க?" என்றாள். இவ்வளவு நேரமும் மகள் ஒருத்தியை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. கேன்டீனில் சாப்பிடுகிறவர்களில் போன மாதம் வயிற்றுவலி என்று லீவு போட்டவர்களை, நல்லா டிமிக்கி குடுக்கறாங்க என்று கிண்டலடித்தானே, அவர்கள் எத்தனை பேர், யார் யார்...