தபீதாளின் தொண்டைக்கட்டு

கிழக்குத் தாம்பரத்தில் அந்தச் சபைப் பெண்களுக்கு ஒரு பழக்கம். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் யார் என்ன குறை சொன்னாலும், கடைசியில் எல்லார் முகமும் தபீதாள் டீச்சர் பக்கம் திரும்பும். அக்கா ஜெபித்தால் கேட்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. கேட்கவும் செய்தது. அதுதான் தபீதாளின் வயிற்றெரிச்சல்.

அடுத்த தெரு சுஜியின் கணவனுக்கு வேலை போனபோது தபீதாள்தான் ஜெபித்தாள். சிறுசேரியில் புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. சுஜியின் மகன் ஷெர்வினுக்குப் பள்ளியில் இடம் இல்லை என்றார்கள். அதற்கும் ஜெபித்தாள், இடம் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் சுஜி புதுச் சேலையில் எழுந்து நின்று சாட்சி சொல்வாள். சபை ஸ்தோத்திரம் சொல்லும். தபீதாளும் சொல்வாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் கணவர் ஐசக் வாதத்தில் விழுந்து நான்கு வருஷம் ஆகிறது. வலது கையும் காலும் வராது, பேச்சும் குழறும். காலையில் அவரைத் துடைத்துவிட்டு, கஞ்சி ஊட்டி, பக்கத்து வீட்டு பேபியம்மாவிடம் அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். ஒரு ஞாயிறும் ஆராதனையை விட்டதில்லை. மாலைக் குடும்ப ஜெபம் நின்றதே இல்லை. ஆனாலும் ஐசக்கின் வலது விரல் ஒன்றுகூட அசையவில்லை. ஊருக்கெல்லாம் தபால் கொடுத்துவிட்டு, தன் பேருக்கு ஒன்றும் வராத தபால்காரனைப் போலத் தன்னை நினைத்துக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை சுஜி, பள்ளிக்கரணையில் ஒரு வீடு பார்த்திருப்பதாகவும் அது அமைய ஜெபிக்க வேண்டும் என்றும் சொன்னாள். பால்கனியில் நின்றால் சதுப்புநிலத்துப் பறவைகளெல்லாம் தெரியுமாம். எல்லா முகங்களும் திரும்பின. ஐசக்கை ஜன்னலோரம் நகர்த்தவே இரண்டு ஆள் வேண்டுமே என்று தபீதாளுக்குத் தோன்றியது. கையைத் தொண்டையில் வைத்து, வெறும் காற்றாகச் சொன்னாள்.

"தொண்டை கட்டிக்கிச்சு."

வேறு யாருக்கும் சத்தமாக ஜெபித்துப் பழக்கமில்லை. கூட்டம் ஒரு பாட்டோடு முடிந்தது. அடுத்த வெள்ளியும் தொண்டை கட்டியேதான் இருந்தது. இனி அங்கே போவதே இல்லை என்று முடிவு செய்துகொண்டாள். அன்று மாலை வீட்டிலும் ஜெபம் நடக்கவில்லை. ஐசக் வழக்கம்போல் இடது கையை நீட்டினார். அவள் கை வந்து சேராததால் போர்வையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் சுஜி ஒரு பிளாஸ்க்கோடு வந்து நின்றாள். சுக்கும் மிளகும் அதிமதுரமும் போட்ட கஷாயமாம். வந்தவள் ஐசக்கின் சரிந்த தலையணையை நேராக்கிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க பேச வேணாம்க்கா. எங்களுக்காக எத்தனை தடவை ஜெபிச்சிருக்கீங்க. அண்ணனுக்காக நாங்க ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. இன்னிக்கு நான் ஜெபிக்கிறேன்."

சாட்சி சொல்லக் கூசாத சுஜிக்கு ஜெபம் வரவில்லை. ஆண்டவரே என்றாள். நின்றாள். மறுபடியும் ஆண்டவரே என்றாள். மேலுதட்டில் வியர்த்தது.

"அக்காவுக்கு முதுகு வலிக்கும் ஆண்டவரே... தூக்கித் தூக்கி..."

அதற்குமேல் அவளால் முடியவில்லை.

முதுகைப் பற்றி அதுவரை யாரும் தபீதாளிடம் கேட்டதில்லை. எப்போது வாய் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பெலன் தாரும் ஆண்டவரே என்று கணீரென்று தொடங்கியவள் ஐசக்குக்காக ஜெபித்தாள், தனக்காக ஜெபித்தாள். அந்த ஓட்டத்திலேயே பள்ளிக்கரணை வீட்டுக்கும் ஜெபித்து முடித்தாள். ஐசக்கின் இடது கை அவள் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

ஆமென் சொன்ன பிறகுதான் தன் குரல் அவள் காதில் விழுந்தது. முகம் சிவந்துவிட்டது.

"தொண்டை நல்லாத்தான் இருந்துச்சு, சுஜி."

"தெரியும்க்கா. புதன்கிழமை கீரைக்காரம்மாகிட்ட நீங்க பேரம் பேசினது எங்க தெரு வரைக்கும் கேட்டுச்சு."

கட்டிலில் ஐசக்கின் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது.

"அப்புறம் எதுக்குக் கஷாயம்?"

"வெறுங்கையோட எப்படிக்கா வர்றது?"

தபீதாள் டம்ளரில் ஊற்றிக் குடித்தாள். காரத்தில் கண் கலங்கியது. பொறாமை முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அந்தப் பால்கனி உள்ளே ஒரு மூலையில் இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும், வருகிற வெள்ளிக்கிழமை கூட்டம் யார் வீட்டில் என்று கேட்டாள்.