நாலாம் நம்பர் பாட்டில்

பன்னிரண்டு வருஷம் கோப்பை கழுவி, லேபிள் ஒட்டி, ஊரார் ஒயினையெல்லாம் முகர்ந்து முகர்ந்துதான் மூக்குக்காரி அந்த நாற்காலியைப் பிடித்தாள். ஒயின் போட்டியின் நடுவர் மேசையில் ஏழாவது நாற்காலி. தலைமை நடுவர் சொந்தச் சித்தப்பா என்பதால் கிடைத்தது என்று முணுமுணுத்தவர்களின் வாயை அடைத்த மூக்கு அது.

இந்த வருஷம் புதிதாகப் பசுமைப் பதக்கம். ருசிக்கு எண்பது மதிப்பெண், சுற்றுச்சூழலுக்கு இருபது. துணியுறை போட்ட பாட்டில் கைமாறி வரும். அவரவர் ஊற்றிக்கொள்ள வேண்டும். நாலாம் நம்பர் வந்தபோது சித்தப்பா கண்ணை மூடி உருகிப்போனார். நல்ல உடம்புள்ள ஒயினாம், வாயில் கனமாக நிற்கிறதாம். எண்பதுக்கு எழுபத்தாறு போட்டார். மற்ற ஐந்து பேரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அள்ளிப் போட்டார்கள். அவளுக்கோ பாட்டிலைத் தூக்கியதுமே மூக்குக்கு முன்னால் மணிக்கட்டு விழித்துக்கொண்டது. சுற்று முடிந்ததும் மீதியை ஜாடியில் கவிழ்த்து, பார்சல் நிறுக்கும் தராசில் பாட்டிலை வைத்தாள். வெறும் கண்ணாடியே தொள்ளாயிரத்து எண்பது கிராம்! ஒயினை அனுப்பியவர்கள் தந்த படிவத்திலோ 'எடை குறைந்த பாட்டில்' என்று கூசாமல் எழுதியிருந்தார்கள். இத்தனை கண்ணாடியை உருக்க எவ்வளவு எரிந்திருக்கும், சுமந்துவர லாரி எவ்வளவு டீசல் குடித்திருக்கும்? சுற்றுச்சூழல் கட்டத்தில் சைபர் போட்டுக் கையெழுத்திட்டாள்.

சித்தப்பா அவளைக் கோப்பை கழுவும் அறைக்குக் கூப்பிட்டார். பெரிய இடத்து ஒயின், பதினெட்டாக மாற்று என்றார்.

"இல்லன்னா நாளைக்கு அந்த நாற்காலி உனக்கு இல்ல. நாக்குதான் தீர்ப்பு சொல்லணும். எடையை யாரு கேட்டா?"

நாற்காலி போய்விடுமே என்று அவள் பயந்தாள். பன்னிரண்டு வருஷம் சும்மாவா? ஆனால் அந்தக் கடைசிப் பேச்சில் பயம் போய் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எடையை யார் கேட்டார்கள் என்று காட்டுகிறேன் இரு, என்று மனசுக்குள் கறுவினாள்.

அந்த மேசையில் ஒரு வழக்கம் உண்டு. நடுவர்களைச் சோதிக்க, காலையில் ருசித்த ஒயின் ஒன்றை மத்தியானம் வேறு நம்பரில் திரும்ப அனுப்புவார்கள். அதைத் தயார் செய்கிறவர் அந்தச் சுற்றில் மதிப்பெண் போடக்கூடாது. அன்று அவள் முறை. நாலாம் நம்பரின் இன்னொரு பாட்டிலைத் திறந்து, நானூறு கிராம்கூடத் தேறாத சாதாரண பாட்டிலில் ஊற்றி, உறை மாட்டி, ஒன்பது என்று எழுதினாள். எந்தப் பாட்டிலில் அனுப்ப வேண்டும் என்று விதி எதுவும் சொல்லவில்லை.

ஒன்பது கைமாறிப் போனது. சித்தப்பா ஒரு வாய் வைத்துத் துப்பிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நீர்த்த சரக்கு, உடம்பே இல்லை என்றார். அறுபத்து மூன்று. மற்றவர்களும் அதையொட்டியே.

அவள் எழுந்து உறையை உருவினாள். நாலாம் நம்பர் பாட்டிலை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே ஒயின் என்று சொன்னாள்.

"அந்த எழுபத்தாறை நாக்கால போட்டீங்களா சித்தப்பா, கையால போட்டீங்களா?"

அவர் முகம் சிவந்தது. நாளைக்கு நீ வர வேண்டாம் என்றார், எல்லோர் காதிலும் விழும்படி.

"வரல. ஆனா என் மதிப்பெண் சீட்டுல சைபர் சைபர்தான்."

பையை எடுத்துக்கொண்டு கதவு வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். சித்தப்பாவுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்த கிழட்டு நடுவர் தராசைத் தன் பக்கம் இழுத்து, ஐந்தாம் நம்பர் பாட்டிலை அதன்மேல் வைத்துக்கொண்டிருந்தார்.