செல்லாத முகம்

லுக்தூனம் நகரச் சந்தையில் தண்டோரா போட்டார்கள். ராணுவத்தைக் கிளப்பி அரியணை ஏறியவன் தோற்றுச் செத்துவிட்டான், அவன் முகம் போட்ட காசு இனிச் செல்லாது, வைத்திருப்பது குற்றம்.

அந்த முகத்தை அடித்தவர்களில் மருல்லோவும் ஒருவன். நாணயம் அடிக்கும் கூடத்தில் சம்மட்டி வேலை. குளிர்காலக் கடைசியில் காய்ச்சல் கண்டு அவன் மனைவி திவிக்தா இறந்தபோது, மாண்டவர்களை ஆறு கடத்தும் ஓடக்காரனுக்கென்று, அன்று அடித்த பெரிய வெண்கலக் காசையே அவள் வாயில் வைத்தான்.

உலையில் பழைய காசுகளைக் கொட்டி உருக்கிக்கொண்டிருந்தான் அவள் அண்ணன் சாக்ரோ.

"மச்சான், அவ வாயில இருக்கறது செல்லாதே," என்றான் மருல்லோ.

"ஓடக்காரன் சந்தைக்கு வந்தா தண்டோரா கேட்டான்?"

"செத்துப்போன அந்தப் பயலயே அவன்தான ஏத்திட்டுப் போயிருப்பான்? அவனுக்குத் தெரியாதா? பாதி ஆத்துல எறக்கி விட்டிருப்பான் அவள."

சாக்ரோ கரண்டியைக் கீழே வைத்தான். "புதுக் காசு ஒண்ணு குழாய்ல போட்டுட்டு வருவோம். நானும் வர்றேன்."

திதி நாளில் மது ஊற்றுவதற்காகக் கல்லறைக்குள் இறங்கிய மண்குழாய் அது. அன்று மாலை, கல்லறை முன் குனிந்து, மருல்லோ புதுக் காசைக் குழாய் வாயருகே நீட்டினான். பழையதைவிடச் சின்னது, மெலிசு. ஜெயித்த ராஜாவுக்கும் அதே உருட்டு விழி, அதே தடித்த கழுத்து. முடியையும் பேரையும் மட்டும் மாற்றியிருந்தார்கள்.

கையை இழுத்துக்கொண்டான்.

"இவன் எத்தன நாளைக்கு?"

"மெதுவாப் பேசு."

"இவன் விழுந்தா இன்னொண்ணு போடணும். அவனும் விழுந்தா? இவனுங்க அடிச்சுக்கறதுக்கு எம் பொண்டாட்டி கரையில நிக்கணுமா?"

கல்லறைக் கல்லின்மேல் காசை வைத்தான். இடுப்பிலிருந்த சம்மட்டியை உருவினான்.

"மாப்ள, ராஜா முகம்டா. தலை போயிடும்."

"தெனம் இதுமேல அடிக்கத்தான கூலி குடுக்கறான்."

முதல் அடியில் மூக்கு போயிற்று. அடுத்ததில் கண். சத்தம் சாலைவரை கேட்டிருக்கும். அவன் நிறுத்தவில்லை. திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் குதிரைவீரனை ஈட்டியால் குத்திக்கொண்டிருந்த சிப்பாயையும் நசுக்கினான். யார் பேரும் இல்லாத வெறும் வெண்கலம் ஆகும்வரை அடித்தான்.

சாக்ரோ சாலைக்கு முதுகைக் காட்டி, மேலாடையை அகல விரித்துப் பிடித்தபடி நின்றான்.

"ஓரத்துல ஒரு எழுத்து தெரியுது பாரு," என்றான். "அதையும் அடி."