திரைக்குப் பின்னால் ஃப்ரீசியா

“ஏண்டி, பூவுக்கு ஏசி வேணுமா?” என்று அக்கா ஒருநாள் கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேன். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து, இருந்த கொஞ்ச வாயும் எனக்குச் சுருங்கிப்போயிருந்தது. தொட்டியைக் காட்டினேன். பூண்டுப் பல் அளவுக் கிழங்குகளைக் கூர்முனை மேலே பார்க்க நட்டிருந்தேன்; கத்தி கத்தியாக இலையும் வந்துவிட்டது. ஆனால் எங்கள் வீடு அடுப்பு. குளிர் படாவிட்டால் இந்த ஃப்ரீசியாச் செடி இலையோடு நின்றுவிடும்; மொட்டு வைக்காது.

எனக்குத் தெரிந்து குளிரான இடம் ஒன்றுதான்: அக்கா வரவேற்பில் உட்காரும் பல் மருத்துவமனை. அங்கே காத்திருப்பவர்களின் பற்கள் பயத்தில் ஆடுகின்றனவா, குளிரில் ஆடுகின்றனவா என்று டாக்டருக்கே தெரியாது.

“ஒரே ஒரு தொட்டிக்கா. ஜன்னல் திரைக்குப் பின்னால.”

“வாசனை பட்டா டாக்டருக்குத் தும்மல் வரும்டி. துளை போடற மெஷினைக் கையில வச்சுக்கிட்டு அவர் தும்மினா என்ன ஆகும்? முன்னாடி இருந்த பொண்ணு செண்ட் அடிச்சுட்டு வந்தா, அன்னைக்கே வேலை போச்சு.”

“மொட்டு வந்ததும் எடுத்துடறேன். அங்க பூக்க விடமாட்டேன்.”

அக்கா திட்டிக்கொண்டேதான் எதையும் செய்வாள். தொட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் தெருமுனை வரை திட்டு கேட்டது.

தினமும் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பேன். காய்ந்திருந்தால்தான் தண்ணீர், அதிகமானால் கிழங்கு அழுகிவிடும். குளிர் வேலை செய்தது. தண்டுகள் எழும்பின, எழும்பிய வேகத்தில் தள்ளாடின. உடைந்த குடையின் கம்பிகளை நட்டு, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலால் கட்டினேன்.

“நோயாளிங்களுக்கு வச்சிருக்கிற நூலுடி அது!” என்றாள் அக்கா. அவளே இன்னொரு முழம் வெட்டியும் கொடுத்தாள்.

மொட்டு வந்தது. தண்டின் நுனி கழுத்தை மடக்கிக்கொள்ள, அதன்மேல் மொட்டுகள் கம்பியில் உட்கார்ந்த குருவிகள் மாதிரி வரிசையாக நின்றன. நாளைக்கு எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம் என்று நான் இழுத்தடித்தேன்.

பூத்தே விட்டது.

அன்று மதியம் கதவைத் திறந்தால் தேனும் மிளகும் கலந்த மாதிரி ஒரு வாசனை. பல் பிடுங்க வந்தவர்கள் காரணம் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் ஒரு ஃபைலை வைத்து வாசனையை வாசல் பக்கம் விசிறிக்கொண்டிருந்தாள்.

“அடியே, எடுத்துட்டு ஓடு!”

ஓடினேன். ஆனால் ஜன்னலோரம் டாக்டரின் மாமியார் உட்கார்ந்திருந்தார். டாக்டர் பயப்படும் ஒரே மனுஷி. சற்று முன்தான் அவருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, பஞ்சு வைத்து, ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று அனுப்பியிருந்தார்கள். அதைச் சொன்னபோது மருமகனுக்கு வந்த பூரிப்பை முகக்கவசத்தாலும் மறைக்க முடியவில்லையாம்.

மாமியார் கையில் திரை. திரைக்குப் பின்னால் என் மஞ்சள் பூ.

உள்ளே “ஹச்!” என்றது. இன்னொரு “ஹச்!” கதவு படாரென்று திறந்தது.

“யாரு செண்ட் அடிச்சிருக்கிறது?”

“என்மேல டீசல் வாசனைதான் வரும் டாக்டர்,” என்றார் கன்னம் வீங்கிய பஸ் டிரைவர்.

டாக்டர் அக்காவைப் பார்த்தார். “நீயா?”

அக்காவின் முகம் வெளுத்தது. ‘நான்தான்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

மாமியார் திரையை விட்டார். எழுந்தார். தன் நெஞ்சில் இரண்டு முறை தட்டிக் காட்டினார்.

“அத்தை… நீங்களா?”

ஆமாம் என்று தலையசைத்து, கைக்குட்டையை மருமகனின் மூக்கருகே நீட்டினார்.

“நல்லா… ஹச்!… நல்லா இருக்குங்க அத்தை!” டாக்டர் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா மேசைக்கடியில் தலையை விட்டுக்கொண்டு குலுங்கினாள். “ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது!” என்று டிரைவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

“ரொம்ப நன்றிங்கம்மா,” என்றேன். சத்தமாகவே வந்தது.

மாமியார் என்னைப் பார்த்தார், மூடிய கதவைப் பார்த்தார். பிறகு திரையை விலக்கி, குடைக்கம்பியும் நூலுமாகத் தொட்டியை எடுத்துக் குழந்தையைப் போல் இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசல் கதவைத் தோளால் தள்ளி, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.