சிக்கோகு மாப்பிள்ளை

இப்போதெல்லாம் கலியாணம் பேசுகிறவர்கள் ஊர் விசாரிப்பதில்லை. பெடியன் என்ன வேலை, என்ன கார், அவ்வளவுதான். போனில் நாலு படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு மண்டபம் பிடிக்க ஓடுகிறார்கள். ஆறு மாதத்தில் ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும்போதுதான், "இவையள் எந்த இடம்?" என்ற கேள்வியே வருகிறது.

சிவானந்தனுக்கு இப்படி விசாரிக்காமல் கட்டுகிற வேலை பிடிக்காது. எழுபத்திநாலு வயது. ஊரைவிட்டு வெள்ளைக்காரன் நாட்டு நோர்பரிக்கு வந்த பிறகும், சொந்தத்துக்குள் ஒன்பது கலியாணத்துக்கு ஊர் விசாரித்துக் கொடுத்திருக்கிறார். அதில் மூன்றை நிறுத்தினார். நடந்த ஆறைப் பற்றி அவர் பேசுவதில்லை. நிறுத்தின மூன்றைத்தான் சொல்லுவார்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. மாப்பிள்ளை கோண்டாவில் என்றால் விசாரிப்பது இணுவிலில். சொந்த ஊர்க்காரன் மூடி மறைப்பான். பக்கத்து ஊர்க்காரனுக்கு என்ன வந்தது? தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிடுவான்.

இப்படிப்பட்ட மனுசனின் ஒரே மகள் தாரகா ஒரு ஜப்பான்காரனைக் கட்டப்போகிறேன் என்று நின்றாள். பெயர் தகுமி. அவள் வேலைசெய்யும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். வீட்டுக்கு மூன்று தரம் வந்தான். மூன்று தரமும் சப்பாத்தைக் கழற்றி, நுனி வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தான். தாரகாவுக்கு அது பெரிய மரியாதையாகத் தெரிந்தது. சிவானந்தன், "ஓடுறதுக்கு ஆயத்தமா வைக்கிறான்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை காலை அவள் கேட்டாள்: "அப்பா, தகுமியின்ரை தாய் தகப்பனுக்கு இண்டைக்குப் பின்னேரம் டிக்கெட் போடவேணும். நீங்கள் ஓம் எண்டாத்தான் வருவினமாம். பொம்பிளையின்ரை தகப்பன் சொல்லாமல் வரமாட்டினம்."

"எந்த ஊர் எண்டு சொன்னனீ?"

"சிக்கோகு எண்டு ஒரு தீவு. அதிலை ககாவா. கூகிள்ல இருக்கு, பாருங்கோ."

"கூகிள் ஆரின்ரை ஆள்?"

"அப்ப தகுமியிட்டையே கேளுங்கோவன்."

"மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளையிட்டைக் கேக்கிறதோ? நல்ல கதை."

மேல்வீட்டு முருகேசன்தான் வழி கண்டுபிடித்தார். முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர். இங்கிலீசும் வரும், வாயும் வரும். குரோய்டனில் நூடில்ஸ் கடை வைத்திருக்கும் கிமிகோ என்ற பெண்மணி அந்தத் தீவுதானாம். ககாவா இல்லை, தொகுஷிமா. ககாவாவுக்கு அடுத்த இடம்.

"பக்கத்து ஊர்!" என்று சிவானந்தன் உடனே சேர்ட்டை மாற்றினார்.

மொழிபெயர்க்கத் தானும் வருகிறேன் என்றாள் தாரகா. "நீ வேண்டாம். உனக்கு வேண்டினதைத்தான் சொல்லுவாய்" என்றார். ஆனாலும் அவள் கூடவே வந்து, கடைக்கு வெளியே இருந்த மர வாங்கில் போனோடு உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணை, அவை என்ன சாதி, என்ன பகுதி ஆக்கள் எண்டும் கேக்கப்போறியளோ?" என்று வாசலில் வைத்து முருகேசன் குத்தினார்.

சிவானந்தன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

மூன்று மணி. கடையில் சனம் இல்லை. கிமிகோவுக்கு அறுபது வயதிருக்கும். முருகேசன் வந்த விசயத்தைச் சொன்னதும் அவள் சிரிப்பாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அவையின்ரை நாட்டிலையும் முந்தி இப்பிடித்தானாம் அண்ணை. இவவைக் கட்ட முந்தி மூலைக்கடைக்காரனிட்டைப் போய் விசாரிச்சவையாம்" என்று முருகேசன் மொழிபெயர்த்தார்.

சிவானந்தன் அவளை முதல்தரமாக நேரே பார்த்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு கடதாசித் துண்டை எடுத்தார். "பெடியன்ரை குடும்பப் பேர் ஓனிஷி. கேள்."

முருகேசன் கேட்டார். "அங்கை தடக்கி விழுந்தால் ஒரு ஓனிஷியிலைதான் விழவேணுமாம். ஆளைத் தெரியாது, இடத்தைப் பற்றிச் சொல்லுறன் எண்டுறா."

கிமிகோ பலகையில் ஒரு பிடி கோதுமை மாவைக் கொட்டிப் பரப்பி, விரலால் தீவைக் கீறினாள். நடுவில் மாவைக் குவித்து மலை வைத்தாள். பிறகு நாலாகப் பிரித்தாள். சிக்கோகு என்றால் நாலு நாடு என்று அர்த்தமாம்.

"நாடு நாலு எண்டால் பேரும் நாலோ? எண்ணிப்போட்டுப் பேர் வைக்காமல் விட்டிட்டினமோ?"

முருகேசன் அதை அப்படியே மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் பதில் வந்தது. அவர்களுடைய பழைய புராணத்தில் இந்தத் தீவுக்கு உடம்பு ஒன்று, முகம் நாலு. ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனிப் பெயர். இரண்டு முகம் பெண், இரண்டு ஆண்.

"நாலு முகம் எண்டால் பிரமா" என்றார் முருகேசன்.

"பிரமாவுக்குக் கோயில் இல்லையடா. ஆறு முகம் எண்டால் ஒரு கதை" என்ற சிவானந்தன் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "பெடியன்ரை முகம் எது?"

அவள் வடகிழக்கு மூலையைத் தொட்டாள். பழைய பெயர் சனுக்கி. நூற்றைம்பது வருடத்துக்கு முன் அரசாங்கம் நாலு நாட்டின் பெயரையும் மாற்றியபோது சனுக்கி ககாவா ஆனது. பிறகு அதைப் பக்கத்து எஹிமேயோடு சேர்த்தார்கள். பன்னிரண்டு வருடம் சேர்ந்திருந்துவிட்டுத் திரும்பப் பிரிந்துவிட்டது.

"பேரை மாத்தினது அரசாங்கம். அதை விடு, எல்லா இடமும் உள்ளதுதான். பிரிஞ்சது ஆர்? இவைதானே? பிரிஞ்சு போற ஆக்கள்." துண்டின் பின்பக்கத்தில் குறைக் கணக்குக்கு ஒரு கோடு போட்டார்.

மழைக்கதை அதற்குப் பிறகு வந்தது. மழை தெற்குக் கடலிலிருந்து வரும். மலையில் முட்டி, தெற்குப் பக்கத்திலேயே கொட்டித் தீர்த்துவிடும். வடக்கே சனுக்கிக்கு மிஞ்சுவது கொஞ்சம். சொல்லும்படியான ஆறும் இல்லை. அதனால் அந்தச் சனம் குளம் வெட்டியது. அந்தச் சின்ன இடத்துக்குள் பத்தாயிரத்துக்கு மேலே குளம்.

ஆறே இல்லாத இடத்தில் பிறந்த சிவானந்தனுக்கு இது பொய்யாகவே பட்டது. "பத்தாயிரமோ? நீ ஒரு சைபரைக் கூட்டிப்போட்டாய்."

"இல்லை அண்ணை, ரெண்டு தரம் கேட்டனான்."

"அப்ப காஞ்ச வருசத்திலை?"

இந்தக் கேள்விக்குக் கிமிகோவின் முகம் மாறியது. தொகுஷிமா ஆற்றுத் தண்ணீரைத்தான் எடுத்தார்கள் என்றாள். ஐம்பது வருடத்துக்கு முன், மலையைக் குடைந்து வாய்க்கால் கொண்டுபோனார்கள். "இண்டைக்கும் அவை குடிக்கிறது எங்கடை தண்ணி எண்டுறா. தன்ரை தகப்பன் சாகும்வரைக்கும் அதைச் சொல்லிப் பேசினவராம்."

சிவானந்தன் மேசையில் தட்டினார். "பாத்தியோ! இதுக்குத்தான் பக்கத்து ஊரிலை விசாரிக்கவேணும்!" இரண்டாவது கோடு விழுந்தது, அழுத்தமாக. பங்குக் கிணற்றில் இறைப்பு முறைக்காக அவருடைய தகப்பன் சொந்தத் தம்பியோடு பதினோரு வருடம் வழக்காடிக் கோடேறியவர். தண்ணீர் எடுக்கிறவன் எப்படிப்பட்டவன் என்று அவருக்குச் சொல்லத் தேவையில்லை.

அவர் எழும்பப் பார்த்தார். ஆனால் மனம் விடவில்லை. "வாய்க்கால் வர முந்தி என்ன செய்தவையாம்? தங்களுக்குள்ளை எப்பிடிப் பிரிச்சவை?"

கிமிகோ ஒரு விரலை நிமிர்த்திக் காட்டினாள். ஊதுபத்தி. முறை வந்தவனின் வயலுக்குத் தண்ணீரைத் திறந்து, ஊதுபத்தியைக் கொளுத்துவார்களாம். பெரிய வயலுக்கு நீளக் குச்சி, சின்ன வயலுக்குக் கட்டை. எரிந்து முடிந்ததும் அடைத்துவிட்டு அடுத்தவனுக்குத் திறப்பது.

சிவானந்தன் திரும்ப உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மாவில் கீறின தீவையே பார்த்தார்.

"காத்தடிச்சால் குச்சி கெதியா எரியுமே. காத்து வாற பக்கம் ஆரின்ரை முறைக்கு வைச்சவை எண்டு கேள்."

முருகேசன் கேட்டார். கிமிகோ யோசித்தாள். "பெட்டிக்குள்ளை வைச்சுத்தான் கொளுத்திறவையாம்."

"பெட்டி ஆரின்ரை பொறுப்பிலை? அவனுக்கும் அங்கை வயல் இருந்ததோ?"

அவள் தோளைக் குலுக்கினாள். "தெரியாதாம் அண்ணை. தொகுஷிமாவிலை தண்ணி தாராளம், எங்களுக்கு என்னத்துக்கு ஊதுபத்தி எண்டுறா."

"அப்ப இவவுக்கும் முழுக்கத் தெரியாது" என்று எழும்பினார். கிமிகோ குனிந்து வணங்கினாள். அவரும் தலையை ஆட்டினார், கொஞ்சம் அதிகமாகவே.

வெளியே தாரகா வாங்கிலிருந்து எழுந்து நின்றாள். "என்னப்பா?"

"பிரிஞ்சு போற ஆக்கள். மற்றவன்ரை தண்ணி எடுத்த ஆக்கள்."

அவள் முகம் விழுந்தது. போனைக் கைப்பைக்குள் வைக்கப்போனாள்.

"அதை ஏன் வைக்கிறாய்? டிக்கெட்டைப் போடச் சொல்லு."

"அப்ப ஓமோ?"

"ஓம் எண்டு ஆர் சொன்னது? பெடியன்ரை தகப்பனைக் கட்டாயம் வரச்சொல்லு. பெட்டி ஆரின்ரை கையிலை இருந்தது எண்டு அவருக்குத்தான் தெரியும்."

"என்ன பெட்டி?" என்று அவள் முருகேசனைப் பார்த்தாள். முருகேசன் சிரித்துக்கொண்டே வானத்தைப் பார்த்தார். அவளுடைய விரல் அதற்குள் போனில் எழுதத் தொடங்கியிருந்தது.

சிவானந்தன் இருவருக்காகவும் நிற்கவில்லை. "பத்தாயிரம் குளமாம், ஆர் எண்ணினது?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டியபடி டிராம் நிற்கும் பக்கமாக நடந்தார்.