மிச்சம் முப்பத்தேழு கிராம்

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் வேலையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவர் அவர். எவன் வாய் நிறையச் சிரித்து வரவேற்கிறானோ, அவன் கடையில்தான் எடைக்கல்லின் அடிப்பாகம் குடையப்பட்டிருக்கும் என்பது அவருடைய அனுபவம். ஓய்வு பெற்றபின் சோதிக்கத் தராசு கிடைக்காமல் மனிதர்களைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

புராஸ்டேட் வீங்கி, சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போவதற்குக் கழிவறையில் கால் கடுக்க நின்ற நாட்களில், மருத்துவர் சிரித்த முகத்தோடு, "ஆபரேஷன் பண்ணிட்டா சரியாயிடும்" என்றார். அப்போதே இவருக்கு உறுத்தியது. சிறுநீர் அடியோடு அடைத்துக்கொண்ட அன்றுதான் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதும் முதல் வேலையாகக் கண்ணாடி முன் நின்று உடம்பைத் துழாவினார். தையல் இல்லை. கீறல்கூட இல்லை.

"அறுக்கவே இல்லையே."

"சிறுநீர் போற வழியாவே கருவிய விட்டுச் சுரண்டி எடுக்கறதுன்னு சொன்னாங்களே. உங்க காதுல விழலையா?" என்றாள் மனைவி.

விழுந்தது. நம்பவில்லை, அவ்வளவுதான்.

பத்தாம் நாள் ஆய்வக அறிக்கை வந்தது. வந்துசேர்ந்த சதைத் துணுக்குகளின் எடை முப்பத்தொரு கிராம். பழைய ஸ்கேனைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் அறுபத்தெட்டு. மிச்சம் முப்பத்தேழு கிராம் எங்கே?

"புற்று இல்லைன்னு கீழ எழுதியிருக்கு. அதைப் படிங்க முதல்ல" என்றாள் மனைவி.

அதைத்தான் அவர் நம்பத் தயாராக இல்லை. கெட்ட பாகத்தைத் தனியே பிரித்து வேறெங்கோ அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு நாட்களாக அவர் தலை தெரிந்தாலே மனைவியும் மகளும் பேச்சைச் சட்டென்று நிறுத்துகிறார்கள். இவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

மறுநாள் காலை, அலுவலக நண்பர்கள் பிரிவுபசார விழாவில் கொடுத்த ஐம்பது கிராம் பித்தளை எடைக்கல்லைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஆய்வகத்துக்குக் கிளம்பினார். தலையில் அடித்துக்கொண்டு மனைவியும் கூடவே வந்தாள்.

"உங்க தராசைப் பார்க்கணும்" என்றார், கையுறை மாட்டியிருந்த ஆய்வகப் பெண்ணிடம்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வாதாடுவதைவிடக் காட்டுவது சுலபம் என்று தோன்றியிருக்க வேண்டும். கல்லை வாங்கித் துடைத்துத் தட்டில் வைத்தாள். ஐம்பது. அவர் அதைத் தட்டின் நான்கு மூலைக்கும் நகர்த்திப் பார்த்தார். ஐம்பதுதான்.

"அப்ப மிச்சம் எங்கம்மா போச்சு?"

"ஸ்கேன்ல போடறது மொத்தச் சுரப்பியோட எடை சார். அதுவும் ஒரு கணக்குத்தான். டாக்டர் எடுக்கறது உள்ள வளர்ந்து வழிய அடைக்கிற சதைய மட்டும். சுத்தி இருக்கறத விட்டுடுவாங்க. சுடற கம்பியால சுரண்டறப்ப கொஞ்சம் கருகியும் போயிடும்."

"கெட்டது எதையாவது தனியா..." கல்லைத் தட்டிலிருந்து எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"வந்த டப்பாவப் பிரிச்சதே நான்தான். மைக்ரோஸ்கோப்ல பார்க்கறப்பவும் பக்கத்துல இருந்தேன். எதுவும் இல்ல சார்."

அவர் அவளையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தார். சரியான தராசு வைத்திருப்பவள். நாற்காலியில் உட்கார்ந்து, கல்லைச் சுற்றிவந்த கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் மனைவியைப் பிடித்தார். "பின்ன என்னைக் கண்டா ஏன் ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டீங்க?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "முதுகுல ஊசி போட்டு, தூக்கத்துக்கும் மருந்து குடுத்தாங்கல்ல? அந்த அரை மயக்கத்துல நீங்க டாக்டரைப் பார்த்து, கடைக்காரனைக் கேக்கற மாதிரி, லைசென்ஸ எடுன்னு அதட்டினீங்களாம். நர்ஸ் நம்ம பொண்ணுகிட்ட சொல்லியிருக்கா. அத நினைச்சு நினைச்சுச் சிரிச்சோம். உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

அவர் கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

"எடுத்துக் காட்டினாரா?"

"எத?"

"லைசென்ஸ."