தையலா, ஸ்டேப்ளரா

...கேள், இன்னும் கேள், வாய்க்குள்ளேயே மென்று முழுங்காமல் சத்தமாகக் கேள் என்று இவள் மனசுக்குள் அவனை விரட்டிக்கொண்டிருந்தாள், குழம்பில் உப்புக் குறைந்தால் தெருமுனை வரை கேட்கிற குரல் இந்த டாக்டர் முன்னால் மட்டும் எங்கே போய் ஒளிந்துகொண்டது, "வலி... ரொம்ப இருக்குமா டாக்டர்?" என்றான் புருஷன், டாக்டரைப் பார்க்காமல் மேஜையிலிருந்த பேனா டப்பாவைப் பார்த்து. "மரத்துப்போக ஊசி போட்டுட்டுத்தான் செய்வோம், அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். முன்தோலை மட்டும்தானே எடுக்கிறோம்." அந்த 'மட்டும்தானே'வில் அவன் முகம் சுண்டிப்போனது, இவளுக்கு வயிறு குளிர்ந்தது. கத்தியால் வெட்டித் தையல் போடலாமாம், லேசரும் உண்டாம், இல்லையென்றால் ஸ்டேப்ளர் மாதிரி ஒரு கருவி, வெட்டுவதும் பின் அடிப்பதும் ஒரே அழுத்தில் முடிந்துவிடுமாம்... ஸ்டேப்ளர்! ஆபீசில் நாளெல்லாம் காகிதத்துக்கு அடிக்கிறவன், இனி அதைத் தொடும்போதெல்லாம் கை நடுங்கட்டும். "எதுல வலி ஜாஸ்தி டாக்டர்?" என்று இவள் முந்திக்கொண்டாள், டாக்டர் சிரித்துவிட்டார், அவன் சிரிக்கவில்லை.

சிரிப்பானா, ஏழு வருஷம் சிரித்தாயிற்றே. அரிப்பும் எரிச்சலுமாக இவள் ஒவ்வொரு முறை துடித்தபோதும் "சுத்தபத்தமா இருந்தா இதெல்லாம் ஏன் வருது?" என்று கேட்டவன் இவன், அதைத் தன் அக்காவிடம் வேறு சொல்லி வைத்தவன், நாத்தனார் வந்து விருந்தாளிகள் காதில் விழ "அவ துண்டைத் தனிக் கொடியில போடச் சொல்லுடா" என்றபோது பேப்பரிலிருந்து தலையைத் தூக்காதவன். தனிக் கொடி, தனி சோப்பு, தனிப் பாய்... இன்றைக்குச் சாயங்காலமே நாத்தனாருக்குப் போன் போட வேண்டும், ஸ்பீக்கரில் போட வேண்டும், இவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

"இதைச் செஞ்சா என்ன பிரயோஜனம்?" என்று அவன் முனகினான். தோல் இறுகியிருக்கிறது, பின்னால் தள்ளிக் கழுவ முடியவில்லை, சர்க்கரை வியாதியும் சேர்ந்திருப்பதால் தொற்று வந்துகொண்டேதான் இருக்கும், அதை எடுத்துவிட்டுச் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தால் இருவருக்குமே குறையும் என்றார் டாக்டர், சொல்லுங்கள், இருவருக்கும் என்பதை இன்னொரு தரம் உரக்கச் சொல்லுங்கள் என்று இவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அவர் வேறொன்றைச் சொன்னார். "மூணு வருஷம் முன்னாடி இதே தொந்தரவோட வந்தப்பவே சொன்னேனே சார், மனைவியையும் கூட்டிட்டு வாங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்து மருந்து தரணும்னு. அப்புறம் ஆளையே காணோம்."

மூன்று வருஷமா... தெரியுமா உனக்கு, தெரிந்தேதான் அந்தத் துண்டு தனியாகக் காய்வதைப் பார்த்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாயா? அவன் பேனா டப்பாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "காயத்துக்கு மருந்து போட, கட்டு மாத்த வீட்ல யாரும்மா இருப்பீங்க?" என்று டாக்டர் இவளிடம் கேட்டார். "இவரோட அக்காவை வரச் சொல்றேன் டாக்டர்."

பேனா டப்பாவிலிருந்து அவன் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது, இவள் ஏழு வருஷமாகக் காத்திருந்த முகம் அதுதான், அப்படியே வெளிறி, கெஞ்சி... ஆனால் சிரிப்பு வரவில்லையே, அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியாமல் கையைப் பிடித்து நானே கூட்டி வந்திருப்பேனே, அது இவனுக்குத் தெரியாதா, இல்லை தெரிந்தும் மறைத்தானா...